அழவிடக் கூடாத பிள்ளை

பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலைக்குப் படிப்பு வேண்டாம், மூக்கடைப்பு இருந்தால் போதும். இருபத்திரண்டு டிபன் பாக்ஸ், இருபத்திரண்டு ஜோடி சாக்ஸ், வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கிற ஒரு யூகேஜி. இதே வேலையில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலையில் தலைக்குக் குளித்துவிட்டு ஏறி, எட்டரை மணிக்கு யாரோ ஒருவருடைய தயிர்சாதத்தை மேலே பூசிக்கொண்டு இறங்குகிற உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

என் பெயர் கிரிஜா. இண்டர் முதல் வருஷத்தில், அதாவது பதினொன்றாம் வகுப்பில், கணக்கு இரண்டு தடவை கவிழ்த்துவிட்டது. மூன்றாவது தடவை நான் பரீட்சைக்கே போகவில்லை. "படிக்கலன்னா வேலைக்காவது போ" என்றார் நைனா, என் அப்பா. எங்கள் ஆந்திர எல்லையில், புத்தூர் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். காலையும் சாயங்காலமும் வேன், நடுவில் ஒன்றாம் வகுப்புக்குக் கைகழுவி விடுவது, பாத்ரூம் அழைத்துப் போவது. வேன் டிரைவர் முனிரத்தினம் மாமா. எனக்குச் சொந்தம் இல்லை, ஏறுகிற எல்லாருக்குமே அவர் மாமாதான். பிள்ளைகளை எனக்குப் பிடிக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஏமாந்துவிட்டோம் என்று யாரும் வருத்தப்படக் கூடாது.

முதல் நாள் வீரம்

முதல் நாள் காலை பிரேயரில் வரிசையை நேராக்கும் பொறுப்பு என்னுடையது. பாட்டு பாதியில் இருக்கும்போது ஒன்றாம் வகுப்பு வரிசையில் ஒரு பெண் குந்திக்கொண்டாள். ஒல்லி, பெரிய கண், இரட்டை ஜடை. கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். நான் நாலடி நடப்பதற்குள் மறுபடியும் குந்தினாள். நடிப்பு! நானும் ஸ்கூலில் இதே நடிப்பை நடித்தவள்தானே, எனக்குத் தெரியாதா? இந்தத் தடவை கொஞ்சம் முரட்டுத்தனமாகவே தூக்கினேன். உதடு ஊதா நிறத்தில் இருந்தது. "காலங்காத்தால நாவப்பழம் துன்னுட்டு வந்தியா?" என்று வேறு அதட்டினேன்.

அவள் வகுப்பு ஆசிரியை கோமதி டீச்சர் ஓடிவந்து, என் கையைத் தட்டிவிட்டு, புடவையோடு மண்ணில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகுதான் சொன்னார்கள். அந்தப் பெண் சாத்விகாவுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் போகிற வழியும் குறுகல். மூச்சு வாங்கும்போது குந்தினால் கொஞ்சம் சமாளிக்கும். அதை யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, அவள் உடம்பே கண்டுபிடித்துக்கொண்டது. மருந்தை எட்டிப் பிடித்த பிள்ளையை நான் இரண்டு தடவை பிடுங்கி நிறுத்தியிருக்கிறேன். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவள்தான் மூச்சு திரும்பியதும் டீச்சரிடம் எனக்காகப் பேசினாள்: "இந்த அக்கா புதுசு டீச்சர். போகப் போகக் கத்துக்கும்."

பொம்மை வேலை

அந்த வாரமே அவள் அம்மா சுகுணா அக்கா பள்ளிக்கு வந்தார். ஜாக்கெட் தைக்கிறவர். அப்பாவுக்கு நாயுடுபேட்டையில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு. ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம், டீச்சர்கள், மாமா, நான் எல்லாரையும் ஆபீஸ் அறையில் உட்காரவைத்து அவர் பாடம் எடுத்தார். சின்ன வயசிலேயே செய்திருக்க வேண்டிய ஆபரேஷன், தெரிந்ததே தாமதம். இப்போது திருப்பதி ஆஸ்பத்திரியில் தேதிக்குக் காத்திருக்கிறார்கள். அதுவரை ஜுரம், சளி எதுவும் வரக் கூடாது. ஓடக் கூடாது. முக்கியமாக, அழக் கூடாது. அழுதால் நீலம் பூத்துவிடும். அப்படி ஆனால் இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்து அணைத்துப் பிடிக்க வேண்டும், அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

செய்து காட்ட ஒரு பொம்மை தேவைப்பட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேடத்தின் மேஜை மேல் என்னைப் படுக்கவைத்து, முழங்காலை முகவாய் வரைக்கும் மடக்கி, ஏழு டீச்சர்கள் வரிசையாகப் பழகினார்கள். ஏழாவது ஆள் பழகி முடித்தபோது எனக்கே உதடு நீலமாகியிருக்கும். கடுப்பில், "எவ்ளோ நேரம் வரைக்கும் அழலாம்க்கா? ஒரு கணக்கு சொன்னீங்கன்னா நல்லாருக்கும்" என்று கேட்டேன். சுகுணா அக்கா கோபப்படவில்லை. "நீ ஒரு தபா பாத்துட்டேன்னா, அப்புறம் கணக்கு கேக்கமாட்ட" என்றார்.

நடுவர்

ஓடக் கூடாத பிள்ளையை விளையாட்டு பீரியடில் என்ன செய்வது? ஓரமாக உட்காரவைத்தால் முகம் சுருங்கிப் போகிறது. கோமதி டீச்சர் ஒரு விசிலைக் கழுத்தில் மாட்டி அவளை கோகோவுக்கு நடுவராக்கினார். அதோடு ஒன்றாம் வகுப்பின் நிம்மதி போயிற்று. நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, கோட்டை மிதித்தவள், மிதிக்க நினைத்தவள், மிதிப்பாள்போல் முகம் வைத்திருந்தவள் எல்லாருக்கும் விசில்.

ஒருநாள் பிள்ளைகளோடு நானும் ஓடினேன். பதினெட்டு வயசுக் கழுதைக்கு ஆறு வயசுப் பிள்ளைகளோடு கோகோ எதற்கு என்று கேட்காதீர்கள், ஜெயிக்கிற விளையாட்டு எனக்கு வேறு எதுவும் இல்லை. ஓட ஆரம்பித்ததுமே அவுட் என்று ஊதினாள். என்னைத் துரத்திவந்த மோக்ஷிதாவின் விரல் என் மேல் படவே இல்லை என்று சண்டைக்குப் போனேன். "உனக்கு சரியாத் தெரியல சாத்வி, நல்லாப் பாரு" என்றேன். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "எனக்கு ஓட்டை நெஞ்சுலதான்க்கா. கண்ணுல இல்ல."

அதிகாரி வந்த காலை

அவள் குந்தும்போது யாரும் திரும்பி முறைத்துப் பார்க்கக் கூடாது என்று கோமதி டீச்சர் வகுப்பில் சொல்லியிருந்தார். பிள்ளைகள் கூடிப் பேசி அதைவிடச் சுலபமான வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அவள் குந்தினால் எல்லாரும் குந்திவிடுவது. அப்போது யாரை யார் முறைப்பது? ஒன்றாம் வகுப்பில் ஆரம்பித்தது இரண்டுக்கும் மூன்றுக்கும் தொற்றி, ஒரே மாதத்தில் ஐந்தாம் வகுப்பு வரை போய்விட்டது. பிரேயர் நடுவில் சடசடவென்று மொத்தப் பள்ளியும் குந்தும், அவள் எழுந்தால் எழும்.

மண்டல கல்வி அதிகாரி திடீரென்று வந்த அன்றும் குந்தியது. அவர் பயந்து ஒரு அடி பின்னால் போனார். பிள்ளைகள் ஏதோ போராட்டம் பண்ணுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். மேடம் நேர்மையானவர்தான், ஆனால் பதற்றத்தில் "யோகா சார்" என்று சொல்லிவிட்டார். அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். டீச்சர்களும் செய்வார்களா என்று கேட்டார். வேறு வழியில்லாமல் பட்டுப்புடவையோடு மேடமும் குந்தினார். அதிகாரி பாராட்டிவிட்டு ஆபீஸ் பக்கம் நடந்தார், பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள், மேடம் மட்டும் குந்தியபடியே இருந்தார். நான் பக்கத்தில் போனேன். தெலுங்கைத் தவிர வேறு பேசாதவர், அன்று தமிழிலேயே கெஞ்சினார்: "கிரிஜா, சார் திரும்பிப் பாக்கறதுக்குள்ள என்னைத் தூக்கிடும்மா."

ரயில் கேட்டு

இதில் சிரிப்பு கிடையாது. ஒரு சாயங்காலம் ரயில் கேட்டு போட்டிருந்தார்கள். முன்னால் கிரானைட் லாரி, பின்னால் பஸ், நடுவில் எங்கள் வேன். வாட்டர் பாட்டிலை ஒருத்தி பிடுங்கிக்கொண்டாள் என்று சாத்விகா அழ ஆரம்பித்தாள். நான் வேறொருத்தியின் வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "சும்மா இரு சாத்வி" என்று திரும்பாமலே சொன்னேன். அழுகை சட்டென்று நின்றது. அப்பாடா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

திரும்பிப் பார்த்தால் உதடு, நகம், நாக்கு எல்லாம் கருநீலம். கண் மேலே போகிறது. மேஜை மேல் பொம்மையாகப் படுத்தது அப்போதுதான் பயன்பட்டது. முழங்காலை மடக்கி நெஞ்சோடு சேர்த்து மடியில் இறுக்கிக்கொண்டேன். மாமா இறங்கி ஓடி, பின்னால் நின்ற பஸ்ஸையும் அதற்குப் பின்னால் நின்ற எல்லாவற்றையும் கத்திக் கத்தி ஒதுங்கவைத்து, வேனை ரிவர்ஸ் எடுத்து புத்தூர் ஆஸ்பத்திரிக்கு விட்டார். போகும் வழியிலேயே நிறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஆக்ஸிஜன் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டாள். மாமா டீ வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். பாதியைக் கீழே கொட்டினேன். "விடு பொண்ணே, எனக்கும் கை அப்படித்தான் ஆடுது. நான் ஸ்டீரிங்கைப் புடிச்சுக்கினு இருந்ததால தெரியல" என்றார்.

கமர்கட்டு

சுகுணா அக்கா சொன்னது சரிதான், பிறகு நான் கணக்கு கேட்கவில்லை. அவள் உதடு கோணினாலே போதும், என் பையிலிருந்து ஒரு கமர்கட்டு அவள் வாய்க்குப் போய்விடும். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, பிடிவாதம் பிடித்தால் இன்னொன்று. "யாருக்கும் சொல்லாத" என்று ஒப்பந்தம். அழுகையே இல்லை. எனக்கு இந்த வேலை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் தேதி கொடுத்தார்கள். அதற்கு முன் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள், பல்லையும் பார்த்தார்கள். கடைவாயில் மூன்று பல் சொத்தை, ஒன்றில் சீழ். பல்லில் இருக்கிற கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்துக்குப் போய்விடும், பல்லைச் சரிசெய்து புண் ஆறின பிறகுதான் நெஞ்சைத் திறப்போம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். தேதி போயிற்று. இங்கேயோ அவள் முன்பைவிட அடிக்கடி குந்த ஆரம்பித்திருந்தாள். பத்து படி ஏறினால் குந்துகிறாள்.

மேடம் ஆபீஸ் அறையில் எல்லாரையும் கூட்டி, பிறந்தநாள் சாக்லெட்டைத் தடை செய்தார். இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. மோக்ஷிதா தன் பிறந்தநாளுக்கு வேர்க்கடலை கொடுத்தாள், அதையும் வாங்கித் தின்றேன். மூன்றாம் நாள் தாங்கவில்லை. சுகுணா அக்கா மேடத்தைப் பார்க்க வந்திருந்தபோது, எல்லாரும் இருக்கும்போதே கமர்கட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தால் சுகுணா அக்கா தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். "ஊசி போடச்சொல்ல அழுவாளேன்னு நானும் குடுத்துக்கினுதான் இருந்தேன்" என்றார். கோமதி டீச்சர் மெதுவாகத் தன் கைப்பையைத் திறந்து ஒரு மிட்டாய் பாக்கெட்டை மேஜையில் வைத்தார். மாமா சட்டைப் பையிலிருந்து இரண்டு எடுத்தார். கடைசியில் மேடத்தின் டிராயரும் திறந்தது. அதில்தான் உயர்ந்த ரகம் இருந்தது. ஒரு பிள்ளை அழக் கூடாது என்று ஒரு பள்ளிக்கூடமே சேர்ந்து, ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமல், அதன் பல்லைத் தின்றிருக்கிறோம். சாத்விகாவைக் கூப்பிட்டு, ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டார் மேடம். அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "எல்லாரும் யாருக்கும் சொல்லாதேன்னு சொன்னீங்க. நான் சொல்லல."

வீர ரத்தம்

பல் பிடுங்கி, புண் ஆறி, புதுத் தேதி வந்தது. ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேனிலேயே ஒன்பது பேர் திருப்பதிக்குக் கிளம்பினோம். வடமாலபேட்டை தாண்டும் வரை நான்தான் எல்லாருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தேன். ஊசி என்றால் மாமாவுக்கு உயிர் போகும். இவ்வளவு பெரிய மீசை, பிறகு எதற்கு மாமா என்று கேட்டேன். பதினெட்டு முடிந்த பெருமையில் ஆதார் கார்டைக் கையிலேயே வைத்திருந்தேன். கமர்கட்டுப் பாவத்தை ஒரு பாட்டில் ரத்தத்தில் கழுவிவிடுகிற திட்டம்.

மாமா கண்ணை மூடி கோவிந்தா கோவிந்தா என்று சொல்லிக்கொண்டே கொடுத்துவிட்டு வந்தார். கோமதி டீச்சர் கொடுத்தார். என்னை மெஷினில் ஏற்றினார்கள், நாற்பத்தொரு கிலோ. விரலில் குத்திப் பார்த்தார்கள், அதுவும் தேறவில்லை. கணக்குப் பரீட்சை மாதிரியே இரண்டு தடவை கவிழ்ந்தேன். இன்னொரு தடவை பாருங்க சிஸ்டர் என்று நான் கெஞ்ச, அந்த நர்ஸ் என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ குடுக்கறது இருக்கட்டும்மா. உனக்கே யாராவது குடுக்கணும்போலக்கீது."

மூக்குப் போலீஸ்

இந்தத் தேதியும் போனால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. அவளுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் பாக்கி. மேடம் எனக்கு அதிகாரம் கொடுத்தார். வேன் கதவில் நின்று மூக்கு ஒழுகுகிறவர்களை எல்லாம் இறக்கிவிட்டேன். தும்மினால் வீடு, இருமினால் வீடு. ஒரு அம்மா என்னை ரோட்டில் நிற்கவைத்துத் திட்டினார், இன்னொருவர் இது என்ன ஏர்போர்ட்டா என்று கேட்டார். நான் அசையவில்லை. இண்டரில் இந்தக் கவனத்தில் பாதி இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்னால், காலையில் வேனில் ஏறும்போது தும்மினேன். தூசு என்றேன். மறுபடியும் தும்மினேன். மாமா இன்ஜினை அணைத்துவிட்டு, என்னைப் பார்த்து, கதவைக் காட்டினார். "ஊர்ப் பசங்க மூக்கெல்லாம் எண்ணிக்கினு இருந்தியே, உன் மூக்கை யாரு பாக்கறது? எறங்கு."

தூர இருந்து

ஆகவே, ஆஸ்பத்திரிக்கு அவளை அனுப்பிவைத்தபோது நான் இல்லை. ஆபரேஷன் நடந்த அன்றும் வீட்டில் மூக்கைச் சிந்திக்கொண்டு கிடந்தேன். காலையில் எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள் என்று கோமதி டீச்சர் போன் செய்தார். பிறகு போனே இல்லை. பத்து மணி, பன்னிரண்டு, ஒன்று. நானே கூப்பிடலாம், ஆனால் என்ன சொல்வார்களோ என்று போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். முதல் தேதியிலேயே செய்திருந்தால் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் தெம்பு இருந்திருக்குமே என்று மட்டும் திரும்பத் திரும்பத் தோன்றியது. அம்மா வைத்த கஞ்சி ஆறிப்போயிற்று.

மூன்று மணிக்கு வாசலில் வேன் ஹாரன். ஓடினேன். கஷ்டமான செய்தியென்றால் மாமா நேரில்தான் வருவார் என்று கதவு வரை போவதற்குள் பத்து தடவை நினைத்துவிட்டேன். மாமா முகம் முழுக்கச் சிரிப்போடு இறங்கினார். "நல்லபடியா முடிஞ்சுதாம்!" என்றார். நான் அப்படியே அவரிடம் ஓட, அவர் இரண்டு கையையும் நீட்டி என்னைத் தடுத்தார். "கிட்ட வராத. எனக்கு ஸ்கூல் ட்ரிப் கீது. அங்கேர்ந்தே சந்தோஷப்படு."

ஜன்னல் சீட்டு

இரண்டு மாதம் கழித்து சாத்விகா திரும்பி வந்தாள். டாக்டர்கள் பார்த்து, இனி எல்லாப் பிள்ளையையும்போல நடத்துங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொல்வது சுலபம். டீச்சர்கள் அவள் பக்கத்தில் மெதுவாகப் பேசினார்கள், பிள்ளைகள் அவள் பையைத் தூக்கச் சண்டை போட்டார்கள். அவளும் ராணி மாதிரி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

ஒரு வாரம் பொறுத்தேன். நான் பொறுமைசாலி இல்லை. அன்று சாயங்காலம் ஜன்னல் சீட்டில் மோக்ஷிதா உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்த நாளிலிருந்து அது சாத்விகாவின் சீட்டு. "இவளை எழுப்புக்கா" என்றாள். "இனிமே முறை வச்சுத்தான். இன்னைக்கு மோக்ஷிதா, நாளைக்கு நீ" என்றேன். உதடு கோணியது. அழுதாள். சின்ன அழுகை இல்லை, வேனின் தகரம் அதிர்கிற அழுகை. மற்ற பிள்ளைகள் எல்லாரும் அவள் உதட்டையே பார்த்தார்கள். மாமா கண்ணாடியில் பார்த்து பிரேக் போட்டார். நான் அவள் பக்கத்தில் போனேன். குனிந்து பார்த்தேன். சிவப்பு. நகம் பார்த்தேன். சிவப்பு. அவள் நாக்கை நீட்டி அழுதபோது அதுவும் சிவப்பு. "அக்கா, கலரே மாறல!" என்று மோக்ஷிதா கத்தினாள். சாத்விகா ஒரு நொடி அழுகையை நிறுத்தி, தன் நகத்தைப் பார்த்துக்கொண்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து இன்னும் பலமாக ஆரம்பித்தாள். "இன்னா பண்றது?" என்றார் மாமா. "ஒண்ணும் பண்ணாத. ஓட்டு மாமா" என்றேன்.

அவள் ஊர் வரும்வரை அழுதாள். வேன் வருவதற்கு முன்னாலேயே சத்தம் கேட்டுவிட்டது போல, தைத்துக்கொண்டிருந்த துணி தோளில் கிடக்க, செருப்பில்லாமல் சுகுணா அக்கா ரோட்டுக்கு ஓடிவந்தார். நான் கதவைத் திறந்தேன். பிள்ளை முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, உதட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். ஜன்னல் சீட்டு விவகாரத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என்னை அடக்கினார். "இரு கிரிஜா. இன்னும் கொஞ்சம் அழட்டும். இவ முழுசா அழுது நான் கேட்டதே இல்ல."

சம்பளம் வாங்கிக்கொண்டு ஒரு பிள்ளையை அழவைத்து, அதற்கு அந்தப் பிள்ளையின் அம்மா கையாலேயே காபியும் வாங்கிக் குடித்தவள் இந்தத் தொழிலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.